நூறாண்டுக்கு ஒருமுறை

“தண்ணி வருமா சார்?” என்று அந்த இளைஞர் கேட்டார்.

2024ஆம் ஆண்டு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. முடிச்சூரில் இருக்கும் எங்கள் வீட்டை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். தரகர் அழைத்து வந்தவர்களில் அது மூன்றாவது குடும்பம். மணமாகி ஓராண்டுகூட ஆகாதவர்கள். இருவருமே பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை. இருபதாண்டு வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். மாடிக்குப் போய்க் காற்று வருகிறதா என்று நின்று பார்த்தார்கள். அந்தப் பெண் சமையலறை எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று விசாரித்தார். புறப்படும் நேரத்தில், வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்ட கேள்வி அது.

நான் வாயைத் திறப்பதற்குள் தரகர் முந்திக்கொண்டார். “2015ல வந்துது சார். ஊருக்கே வந்துது. அது நூறு வருஷத்துக்கு ஒருவாட்டி வர்ற வெள்ளம். அதான் வந்துட்டுப் போயிடுச்சே, இனிமே நம்ம காலத்துல ஏது? போன டிசம்பர் புயல்லகூட வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரல. சாரையே கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ஆமாம்” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஓராண்டுக்கு முன்னால் என்றால் சொல்லியும் இருப்பேன். இடையில் நான் கொஞ்சம் நிகழ்தகவு படித்துத் தொலைத்திருந்தேன்.

அந்தக் கதையைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

*

கணக்கிலிருந்து தப்புவதற்காகவே தமிழ் இலக்கியம் படிக்கப் போனவன் நான். பள்ளியிறுதித் தேர்வில் கணக்குத் தாளை எழுதிவிட்டு வெளியே வந்த அன்று, இனி இந்த ஜென்மத்தில் எண்களோடு எனக்கு உறவில்லை என்று நண்பர்களிடம் அறிவித்தது நினைவிருக்கிறது. பிறகு பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை மின்ரயிலில் போக வர, ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேர வாசிப்பு. எண்கள் என் வாழ்க்கையில் ரயில் நேரமாகவும் சம்பளமாகவும் மட்டுமே இருந்தன.

சேர்த்த புத்தகங்களை வீட்டின் கீழ்த்தளத்தில், தேக்குப் பலகையில் தட்டு அடித்து அடுக்கியிருந்தேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, அந்தத் தட்டுகளில் மேல் இரண்டு தவிர மற்ற அனைத்தும் நீரில் மூழ்கின. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே சராசரியாக 140 சென்டிமீட்டர்தான். ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் எங்கள் தலையில் கொட்டியது.

மாடியில் இருந்தபடியே கீழே புத்தகங்கள் மிதந்து சுவரில் முட்டும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மென்மையான ஓசைதான். ஆனால் இன்றும் சில இரவுகளில் அது காதில் விழுகிறது.

நீர் வடிந்தபின் தெருவே சேற்றை வாரிக்கொண்டிருந்த நாட்களில், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னார். பொதுப்பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “இது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்றது. நம்ம ஆயுசுக்கு ஒண்ணு பார்த்தாச்சு. இனிமே பேரன் பேத்தி காலத்துலதான்” என்றார். அந்த வாக்கியம் எங்களுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது. நட்டத்துக்கு ஈடாகக் கிடைத்த உறுதிமொழி போல அதைப் பிடித்துக்கொண்டோம். ஆறே மாதத்தில் அதே சுவரில், அதே உயரத்தில் மறுபடி தட்டு அடித்தேன். புத்தகங்களையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கினேன்.

2021 நவம்பர் மழையில் தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றது. அப்போதும் எனக்கு அச்சம் வரவில்லை. வர வேண்டியதுதான் வந்து போய்விட்டதே.

*

2023 ஆகஸ்ட் மாதம். மகள் பத்தாம் வகுப்பு. கணக்குப் புத்தகத்தின் கடைசி இயலான எட்டாவது, ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’. கடைசி இயல் என்பதால் அது எப்போதும் அவசரமாகவே நடத்தப்படும் போலிருக்கிறது. ஒரு மாலை அவள் என்னிடம் வந்து, “அப்பா, ஒரு விளையாட்டு” என்றாள். எங்கிருந்தோ கற்று வந்திருந்தாள்.

விளையாட்டு இதுதான். நான் தனியறையில் இரண்டு பட்டியல்கள் தயாரிக்க வேண்டும். ஒன்று, உண்மையாகவே ஒரு ரூபாய் நாணயத்தை நூறு முறை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதியது. இன்னொன்று, நாணயத்தைத் தொடாமல், சுண்டியது போலக் கற்பனை செய்து எழுதியது. எது உண்மை, எது கற்பனை என்று அவள் கண்டுபிடிப்பாளாம்.

இலக்கியம் படித்தவனுக்குக் கற்பனையில் சவாலா என்று உற்சாகமாக எழுதினேன். பூ, தலை, தலை, பூ, தலை, பூ, பூ என்று மிக இயல்பாக, யாரும் சந்தேகிக்க முடியாதபடி கலைத்துப் போட்டேன். அவள் இரண்டு தாள்களையும் வாங்கி, பத்து நொடி பார்த்துவிட்டு, என் கற்பனைத் தாளைக் கிழித்துப் போட்டாள்.

“எப்படி?”

“இதுல மூணு தலைக்கு மேல சேர்ந்தாப்போல வரவே இல்லப்பா. நிஜமா சுண்டினா வரும்.”

உண்மைத் தாளைப் பார்த்தேன். ஓரிடத்தில் ஆறு பூ தொடர்ந்து வந்திருந்தது. சுண்டும்போதே எனக்கு அது உறுத்தியது, நாணயத்தைத் திருப்பிப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. பிற்பாடு தெரிந்துகொண்டேன்: நூறு முறை சுண்டினால், எங்கேனும் ஓரிடத்தில் ஐந்து பூவோ ஐந்து தலையோ தொடர்ந்து வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 97 விழுக்காடு. கற்பனையில் எழுதும் மனிதன் அதைத் தவிர்த்துவிடுகிறான். மூன்று தலை வந்துவிட்டதா, இனி பூவின் முறை என்று கை தானாகவே நியாயம் வழங்குகிறது. நாணயத்துக்கு அந்த நியாயம் தெரியாது. முந்தைய சுண்டல்கள் அதன் நினைவில் இல்லை.

அன்றிரவு படுக்கையில்தான் அது மெல்ல உறைத்தது. ‘வந்துவிட்டுப் போய்விட்டது, இனி வராது’ என்று எட்டாண்டுகளாக நான் நம்பிக்கொண்டிருப்பதும், மூன்று தலைக்குப் பின் பூவின் முறை என்று எழுதுவதும் ஒன்றேதான். மழைக்குக் கணக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் இருப்பதாக யார் எனக்குச் சொன்னது?

*

மறுநாள் முதல் மகளின் புத்தகம் அவளைவிட என்னிடமே அதிகம் இருந்தது. சமவாய்ப்புச் சோதனை, கூறுவெளி, நிரப்பு நிகழ்ச்சி என்று சொற்கள் முதலில் மிரட்டின. தமிழ் படித்தவனுக்கே இப்படி என்றால் பிள்ளைகளை என்ன சொல்ல. ஆனால் சொற்களைத் தாண்டி உள்ளே போனால், அங்கே இருந்தது கணக்கு என்பதைவிட, பேச்சில் பேணவேண்டிய ஒருவித ஒழுக்கம் என்றே தோன்றியது. தெரியாததைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிற ஒழுக்கம்.

‘நூறாண்டுக்கு ஒருமுறை’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். கேட்கும் காதுக்கு அது ஒரு நாட்காட்டி போல ஒலிக்கிறது. 2015இல் வந்தது, அடுத்தது 2115 என்பது போல. உண்மையில் அது சொல்வது இவ்வளவுதான்: எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும், அந்த அளவுக்கோ அதற்கு மேலோ வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. சென்ற ஆண்டு வந்திருந்தாலும் இந்த ஆண்டுக்கு அதே நூற்றில் ஒன்று. ஐம்பது ஆண்டுகளாக வராமல் இருந்தாலும் அதே நூற்றில் ஒன்று.

சரி, அப்படியானால் இருபது ஆண்டுகள் குடியிருப்பவன் ஒருமுறையாவது வெள்ளத்தைப் பார்க்க எவ்வளவு வாய்ப்பு? இங்கேதான் நிரப்பு நிகழ்ச்சி உதவிக்கு வருகிறது. வருவதைக் கணக்கிடுவது கடினம், வராமல் இருப்பதைக் கணக்கிடுவது எளிது. ஓர் ஆண்டு வராமல் இருக்க வாய்ப்பு 0.99. இரண்டு ஆண்டும் வராமல் இருக்க 0.99ஐ 0.99ஆல் பெருக்க வேண்டும். இப்படி இருபது முறை பெருக்கினால் 0.818 கிடைக்கிறது. ஒன்றிலிருந்து கழித்தால் 0.182. அதாவது நூற்றுக்குப் பதினெட்டு, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு நூற்றுக்கு 26. முழுதாக நூறு ஆண்டுகள் இருந்தால்கூட அது 63 விழுக்காடுதான், உறுதி இல்லை. ஒருமுறையும் வராமல் ஒரு நூற்றாண்டு கழியலாம். ஒரே பத்தாண்டில் இரண்டு முறையும் வரலாம்.

கைபேசியில் இருக்கும் கணக்கியில் இந்தப் பெருக்கலை நான் மூன்று முறை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ‘நம்ம ஆயுசுக்கு ஒண்ணு பார்த்தாச்சு’ என்ற அந்த ஆறுதல் வாக்கியம் என் கண்ணெதிரே கரைந்தது. பெரியவர் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு எது தேவையோ அதைச் சொன்னார். நாங்களும் எது தேவையோ அதைக் கேட்டுக்கொண்டோம்.

*

அதே ஆகஸ்டில்தான் சி.ஆர். ராவ் மறைந்தார். 102 வயது. இருபதாம் நூற்றாண்டுப் புள்ளியியலின் பெரும் பெயர்களில் ஒருவர். முன்பென்றால் அந்தச் செய்தியைத் தாண்டிப் போயிருப்பேன். இப்போது அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அவரிடம் ஆய்வு செய்தவர்களில் ஒருவர் எஸ்.ஆர். சீனிவாச வரதன். 2007இல் ஏபல் பரிசு பெற்றவர். சென்னையில் பிறந்தவர் என்பது மட்டும் எங்கோ படித்த நினைவு. விவரம் பார்த்தபோது வியப்பாக இருந்தது. பொன்னேரியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, இன்டர்மீடியட் படிக்க அவர் வந்தது எங்கள் தாம்பரத்துக்கு, சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு! 1937இல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்குள் இடம் பெயர்ந்த கல்லூரி அது. அதன் பிறகு மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ், பிறகு கொல்கத்தா, பிறகு நியூயார்க்.

நாள்தோறும் மின்ரயில் சன்னலிலிருந்து நான் பார்க்கும் மரங்களின் நிழலில் 1950களில் நடந்த ஒரு மாணவர், பிற்காலத்தில் எந்தக் கேள்வியின் பின்னால் போனார் என்று அறிய ஆவல் உண்டாயிற்று. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோட்பாட்டைத் தமிழில் ‘பெரு விலகல்கள்’ எனலாம். அதன் உயர்கணிதம் எனக்கு இந்தப் பிறவியில் எட்டாது. அடிப்படைக் கேள்வியை மட்டும் நாணயத்தை வைத்துப் புரிந்துகொள்ள முயன்றேன்.

சுண்டச் சுண்ட, தலைகளின் பங்கு பாதியை நெருங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் நெருங்காமல் விலகிப் போவதற்கும் ஒரு வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது. அது எவ்வளவு? பத்து முறை சுண்டினால் ஆறோ அதற்கு மேலோ தலை விழ வாய்ப்பு நூற்றுக்கு 38. நூறு முறை சுண்டினால் அறுபதோ அதற்கு மேலோ தலை விழ நூற்றுக்கு 3கூட இல்லை. ஆயிரம் முறை சுண்டினால் அறுநூறைத் தொடும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. விகிதம் ஒன்றுதான், பத்துக்கு ஆறு. ஆனால் வாய்ப்பு சரசரவென்று விழுந்துகொண்டே போகிறது. எவ்வளவு வேகமாக விழுகிறது, எந்த விதிப்படி விழுகிறது என்பதை எத்தனையோ வகை நிகழ்வுகளுக்கும் பொதுவாகச் சொல்லும் முறையை உருவாக்கியதுதான் வரதனின் சாதனைகளில் தலையாயது. அரிது என்று சொல்லிவிட்டு விட்டுவிடாமல், எவ்வளவு அரிது என்று கேட்டவர் அவர்.

ஒரு பேட்டியில் அவர் தம் பள்ளி நாட்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவருடைய கணக்கு ஆசிரியர் வார இறுதியில் சில மாணவர்களை வீட்டுக்கு அழைத்துப் புதிய கணக்குகளைக் கொடுப்பாராம். தேர்வுக்காக அல்ல, விளையாட்டாக. அதைப் படித்தபோது மகள் கிழித்துப் போட்ட என் கற்பனைத் தாள் நினைவுக்கு வந்தது. எனக்கும் யாராவது ஒரு விளையாட்டாக இதைத் தொடங்கி வைத்திருக்கலாம். ஐம்பது வயதில் மகள் தொடங்கி வைத்தாள்.

*

இந்த இடத்தில் எனக்கே உரிய ஒரு கர்வம் தலைதூக்கியது. எல்லாம் பெருக்கல்தானே என்று நினைத்துவிட்டேன். எங்கள் பகுதிக்கு மேலே ஏரிகள் இருக்கின்றன. ஆதனூர், மணிமங்கலம் என்று பல. அவற்றின் உபரிநீர் சேர்ந்துதான் அடையாறு எங்கள் பக்கம் உருவெடுக்கிறது. 2015 வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கத்தைச் சொல்வார்கள். ஆனால் அதன் உபரிநீர் எங்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம்தான் ஆற்றில் கலக்கிறது. எங்களை மூழ்கடித்தது இந்தச் சிறிய ஏரிகளின் நீர்.

நோட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்: ஓர் ஆண்டில் ஓர் ஏரி கட்டுக்கடங்காமல் வழிய வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஏரிகளும் ஒரே ஆண்டில் அப்படி வழிய, பத்தில் ஒன்றை மூன்று முறை பெருக்கினால் ஆயிரத்தில் ஒன்று. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன்.

மகளிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, “மூணு ஏரிக்கும் வேற வேற மழையாப்பா பெய்யும்?” என்று கேட்டாள்.

மேல்வகுப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தபோது அவள் கேட்டதற்குப் பெயர் இருந்தது: சார்பிலா நிகழ்ச்சிகள். ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாது என்றால் மட்டுமே பெருக்கலாம். நாணயம் அப்படி. ஏரிகள் அப்படி அல்ல. ஒரே மேகம் மூன்றுக்கும் பொழிகிறது. அது மட்டுமா, நம் முன்னோர் ஏரிகளை வெட்டியதே சங்கிலியாகத்தான். மேலேரியின் கலங்கல் வழிந்தால் அந்த நீர் கீழேரிக்குப் போகும். மேலது வழிந்துவிட்டது என்ற செய்தியே கீழது வழியும் வாய்ப்பைப் பன்மடங்கு உயர்த்திவிடுகிறது. அந்நிலையில் ஆயிரத்தில் ஒன்று என்பது வெறும் கனவு. அது பத்தில் ஒன்றுக்கு மிக அருகிலேயே இருக்கக்கூடும். பெருக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. எங்கே பெருக்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள மேலும் ஒரு மாதம்.

அடுத்து இன்னொரு கேள்வி. ‘நூறாண்டுக்கு ஒருமுறை’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? ஒவ்வோர் ஆண்டிலும் பெய்த மிகப் பெரிய ஒருநாள் மழையை எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, அந்த வரிசையின் போக்கைப் பார்த்துச் சொல்கிறார்கள். கையில் ஐம்பது ஆண்டுக் கணக்கு இருந்தால், நூறாண்டு மழை என்பது அந்த வரிசைக்கு அப்பால் கோட்டை நீட்டிப் பெறுவது. இரண்டொரு புள்ளிகள் மாறினாலும் கோடு ஆடும். மேலும், மழை அதே மழையாக இருந்தாலும் வெள்ளம் அதே வெள்ளமாக இருப்பதில்லை. ஏரிக்குள் வீடுகள் வந்துவிட்டன, சாலைகள் உயர்ந்துவிட்டன, கால்வாய்கள் குறுகிவிட்டன. நாணயத்தைச் சுண்டிக்கொண்டிருக்கும்போதே யாரோ அதன் ஒரு பக்கத்தை அராவிக்கொண்டிருப்பது போல. நூற்றில் ஒன்று என்று நான் போட்ட கணக்கு உண்மையில் ஐம்பதில் ஒன்றாக இருந்தால், இருபது ஆண்டுக்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று. இருபத்தைந்தில் ஒன்றாக இருந்தால் பாதிக்கும் மேல்.

சராசரியிலும் இதே பாடம்தான். சென்னைக்கு ஆண்டுக்கு 140 சென்டிமீட்டர் என்பது உண்மையே. 2015 நவம்பர் மாதம் மட்டும் நுங்கம்பாக்கத்தில் ஏறக்குறைய 105 சென்டிமீட்டர் பெய்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, இதே தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு இரவு விழித்திருந்தோம். இரண்டையும் கூட்டி வகுத்தால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று வரும். திட்ட விலக்கம் என்ற ஒன்றை ஏன் கண்டுபிடித்தார்கள் என்பது அந்தக் குடத்தை நினைத்தபோது எனக்கு விளங்கியது.

படித்துக்கொண்டே போனதில் இன்னொன்றும் தெரிந்தது. நம் நாட்டில் புள்ளியியலின் தொடக்கமே வெள்ளத்தோடு பின்னிப் பிணைந்தது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931இல் தோற்றுவித்த மகலனோபிஸ், அதற்கு முன்பே 1922இல் வட வங்காளத்தில் வந்த பெருவெள்ளத்தை ஆராய்ந்தார். ஐம்பதாண்டு மழைக் கணக்கைப் புரட்டி, நீரைத் தேக்கி வைக்கப் பெரும் செலவில் திட்டமிட்ட தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார். 1926இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருகியபோது, ஆற்றுப்படுகை மேடிட்டுவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கூறினார்கள். அறுபதாண்டுப் பதிவுகளைப் பார்த்த அவர், படுகை உயரவில்லை, காரணம் மேலே பெய்த மழையே என்று நிறுவினார். எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் இன்றும் ‘ஆறு மேடிட்டுப் போச்சு’ என்ற பேச்சு நடக்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மகலனோபிஸ் அளந்தபின் பேசினார்.

*

2023 அக்டோபரில், ஆயுத பூசைக்குப் புத்தகங்களைத் துடைக்கும் சாக்கில், கீழ்த்தளத்துத் தட்டுகளைப் பிரித்து மாடிக்கு ஏற்றினேன். மனைவிக்கு எரிச்சல். “எட்டு வருஷமா வராத தண்ணி இப்ப வரப்போவுதா?” என்றாள். “தெரியாது” என்றேன். அந்தச் சொல்லை மனப்பூர்வமாகச் சொன்னது அதுவே முதல்முறை.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரையைத் தொடாமலே சென்னைக்கு அருகில் கடலில் நின்று பொழிந்தது. தெருவில் நீர் ஏறியது. எங்கள் வாசலுக்கு ஐந்து படிகள். மூன்றாம் படி மூழ்கியது. நள்ளிரவுக்குமேல் நான்காம் படியைத் தொட்டது. டார்ச் விளக்கை அடித்தபடி மூவரும் படியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான்காம் படிக்கு மேல் அது ஏறவில்லை. விடியும்போது இறங்கத் தொடங்கியது.

“புக்கை எல்லாம் வீணாத்தான் மேல ஏத்துனீங்க” என்றாள் மனைவி, ஆனால் முன்பிருந்த எரிச்சல் இல்லாமல். அவள் சொன்னதில் ஒரு நுட்பமான தவறு இருப்பதாக எனக்குப் பட்டது. வெள்ளம் வந்திருந்தால் நான் செய்தது சரி, வரவில்லை என்பதால் தவறு என்று ஆகிவிடாது. முடிவெடுத்த நாளில் என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்தே முடிவை எடை போட வேண்டும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தில் இரவு முழுதும் விழித்த களைப்பு. சொல்லவில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்று அன்று காலைதான் அவள் சொன்னாள். மகளின் மேற்படிப்புக்கும் பணம் வேண்டியிருந்தது.

*

ஆக, அந்த மாசி மாதக் காலையில், வாசலில் நின்று கேட்டவருக்கு இத்தனையும் என் நெஞ்சில் வந்து முட்டியது.

“தம்பி, வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது” என்று தொடங்கினேன். தரகரின் முகம் மாறியது. 2015இல் நீர் நின்ற உயரத்தைச் சுவரில் கைவைத்துக் காட்டினேன். என் மார்பளவு. டிசம்பரில் நான்காம் படி வரை வந்ததையும் சொன்னேன். “நூறு வருஷத்துக்கு ஒண்ணுன்னு வெச்சாலும், நீங்க கடன் கட்டி முடிக்கறதுக்குள்ள ஒருவாட்டி வர்றதுக்கு ஐந்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. அந்த நூறே சரிதானான்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது. கூடவும் இருக்கலாம். வாங்கறதா இருந்தா கீழ்வீட்டுல விலை உயர்ந்தது எதையும் வைக்காதீங்க.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. கணிப்பொறிக்காரர், மனத்துக்குள் பெருக்கிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு, “அப்போ விலையைக் குறைப்பீங்களா சார்?” என்று கேட்டார். மிக நியாயமான கேள்வி. நட்டத்தை அதன் வாய்ப்பால் பெருக்கி விலையில் கழிப்பது என்பதும் அந்த எட்டாம் இயலுக்குச் சற்று அப்பால் இருக்கும் பாடம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பெண் மட்டும் போகும்போது திரும்பி, “ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்” என்றார்.

அவர்கள் மறுபடி வரவில்லை. தரகரும் வரவில்லை. தொலைபேசியில் மட்டும், “சார், நீங்க வீடு விக்கறீங்களா, பாடம் நடத்துறீங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

“பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருந்திருக்கலாமே” என்றாள் மனைவி. அதற்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை. சும்மா இருந்திருந்தால் விற்றிருக்கும். அவர்களுக்கு ஐந்தில் நான்கு பங்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மிச்சமிருக்கும் அந்த ஒரு பங்கில், ஒரு டிசம்பர் இரவு, அவர்களுடைய பொருட்கள் மிதந்து சுவரில் முட்டும் ஓசை இருக்கிறது. அந்த ஓசை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீடு இன்னும் விற்கவில்லை. விலையைக் குறைத்துச் சொல்லி வைத்திருக்கிறோம். சென்ற ஐப்பசியில், மழை தொடங்கும் முன், மகளும் நானும் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் அடி அடியாகக் கோடு போட்டு, எண் எழுதினோம். ஆற்றுப் பாலத் தூண்களில் இருக்குமே, அது போல. 2015க்கு ஒரு கோடு, 2021க்கு ஒன்று, 2023க்கு ஒன்று. தேதியோடு, அழியாத வண்ணத்தில். மூன்று புள்ளிகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்கிறாள் மகள். இப்போது அவள் என்னைவிட நிறையவே படித்திருக்கிறாள்.

அடுத்து வாங்க வருகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.